பெயர் வேண்டாம்

தம்பி, காதில் மாட்டியிருப்பதைக் கொஞ்சம் கழற்றுங்கள். பேச்சுக் கொடுக்க வந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொந்தக் கதை சொல்கிற ஆள் நான் இல்லை. அப்படிச் சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். கேட்க வேண்டியது ஒன்றுதான். அது நல்ல சாமானா? சுத்தமாகக் கேட்குமா? கூட்டமாகப் பத்துப் பேர் சத்தம் போட்டால் எந்தச் சத்தம் யாருடையது என்று பிரித்துக் கேட்க முடியுமா?

முடியும் என்கிறீர்கள். சரி, மாட்டிக்கொள்ளுங்கள். கொடைரோடு வரட்டும், கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.

காலை அந்தப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். பையை மிதித்துவிடாதீர்கள். உள்ளே புத்தகம். அத்தனையும் ஒரே புத்தகம். புத்தகம் போட்டவர்களிடம் மிச்சம் இருந்ததை எல்லாம் அள்ளிக்கொண்டு வருகிறேன். பிடித்துப்போய் வாங்கவில்லை. இதைப் பார்த்தாலே குமட்டுகிறது. ஈயம் பூசாத பித்தளையில் புளிக்குழம்பு வைத்துச் சாப்பிட்டால் நாக்கில் களிம்பு ருசி ஒன்று நிற்கும். உங்கள் வயசுக்கு அது தெரியாது. தை மாசத்திலிருந்து என் வாயில் அந்த ருசிதான்.

திண்டுக்கல்தானா நீங்களும்? அப்படியானால் கடையைப் பார்த்திருப்பீர்கள். அழகுமலை பாத்திர மாளிகை. நான்தான் சொ. அழகுமலை. கடையைப் பார்க்காவிட்டாலும் பெயரைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் தெரு அம்மன் கோயிலில் டியூப் லைட் எல்லாம் என் உபயம். டியூப் முழுக்க எழுத்து இருந்தால் வெளிச்சம் எப்படி வரும் என்று பூசாரி ஒருநாள் முணுமுணுத்தார். வெளிச்சம்தானே வேண்டும், இன்னொரு டியூப் தருகிறேன் என்றேன். கொடுத்தேன். அதிலும் எழுதித்தான் கொடுத்தேன்.

எங்கள் தொழில் அப்படி. பாத்திரம் வாங்கினால் பேர் வெட்டாமல் அனுப்ப மாட்டேன். கல்யாணச் சீரா, காதுகுத்தா, கொடுக்கிறவர் பெயர், ஊர், தேதி எல்லாம் மிஷினில் வெட்டி, எழுத்துக்கு மேல் கறுப்பு மை தேய்த்துத் துடைத்துத்தான் கையில் கொடுப்பேன். சில பேர் "வேணாம்ணே, சும்மா குடுங்க" என்பார்கள். "கூலி வாங்க மாட்டேன், உக்காருங்க" என்று வெட்டிவிடுவேன். பெயர் இல்லாத சாமான் யார் வீட்டில் வேண்டுமானாலும் கிடக்கும். கேட்பாரில்லாத சாமான்.

என் வீட்டிலும் அப்படித்தான். அண்டாவிலிருந்து டீக்கரண்டி வரைக்கும் பெயர் இருக்கும். இந்திராணி கொண்டுவந்த சீரில் அவள் அப்பா பெயர். மற்ற எல்லாவற்றிலும் என் பெயர். இந்திராணி என் சம்சாரம். போன ஐப்பசியில் போய்விட்டாள். காலையில் காப்பி போட்டு வைத்தவள், கடையிலிருந்து நான் மேலே வருவதற்குள் இல்லை. கீழே கடை, மேலே வீடு. இதயம் என்றார்கள். அதைச் சொல்ல வரவில்லை நான்.

தை மாசம் கூரியர்காரன் கடை வாசலில் வந்து நின்றான்.

"இந்திராணி மேடம் இருக்காங்களா?"

"இல்லை."

"எப்ப வருவாங்க?"

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? கல்லாவில் ஆட்கள் நிற்கிறார்கள். "குடுத்துட்டுப் போப்பா" என்று கையெழுத்துப் போட்டு வாங்கினேன். பிரித்தால் இந்தப் புத்தகம். கூடவே ஒரு அட்டை. அட்டையில் நாங்கள் கடையில் காசு வாங்க ஒட்டியிருக்கிறோமே, அதே மாதிரி கட்டம் கட்டமாக. செத்தவளிடம் இன்னும் காசு கேட்கிறார்களே என்று எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. என் மகன் முரளிதான் பார்த்துச் சொன்னான், அது காசுக்கு இல்லை, பாட்டுக்கு. போனைக் காட்டினால் பாட்டு வருமாம். படப் புத்தகமும் பாட்டும் ஒரே செட்.

"இத எதுக்கு உங்கம்மாவுக்கு அனுப்புறாங்க?"

"அம்மா காசு போட்டிருக்காங்கப்பா. க்ரவுட் ஃபண்டிங்."

"அப்படின்னா?"

"புக்கு போடணும், பாட்டு போடணும்னு ஆசைப்படறவங்க அத நெட்ல சொல்வாங்க. பிடிச்சவங்க முன்னாடியே காசு போடுவாங்க. போதுமான அளவு சேர்ந்ததும் செஞ்சு அனுப்புவாங்க."

"யாருன்னே தெரியாதவனுக்கா?"

"ஆமாப்பா."

"சாமானக் கண்ணால பாக்காமயா?"

"ஆமாப்பா."

"உங்கம்மாவா?"



அதோடு விட்டதா? மாசி முடிவதற்குள் இன்னும் மூன்று நான்கு பார்சல். ஒன்றில் பக்கம் பக்கமாகக் காக்காய். எழுத்தே கிடையாது. ஒரு பக்கத்துக்கு ஒரு காக்காய், அவ்வளவுதான் புத்தகம். இன்னொன்று பாட்டுத் தட்டு. பஸ் ஸ்டாண்டில் வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவர் கூவுகிற கூவலுக்கு எவனோ வயலின் வாசித்திருக்கிறான். அந்தக் கூவலைக் கேட்காமல் இருக்கத்தானே நாம் பஸ் ஸ்டாண்டில் காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறோம்? அதற்கு இவள் காசு கொடுத்திருக்கிறாள். ஒவ்வொரு பார்சலுக்கும் கூரியர்காரன், "மேடம் இல்லீங்களா?" இல்லை இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கே அவள் ஏதோ கடைத்தெருவுக்குப் போன மாதிரி ஆகிவிட்டது.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நான் கீழே இறங்கினதும் போனை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவாள். தெரியும். சமையல் பார்க்கிறாள் என்று நினைத்தேன். கோலம் பார்க்கிறாள் என்று நினைத்தேன். இவளோ, எவன் எங்கே படம் போடுகிறான், எவன் எங்கே பாட்டுக் கட்டுகிறான் என்று தேடித் தேடிக் கண்டுபிடித்து, வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்ததைப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். முரளி இந்தப் புத்தகத்து ஆட்கள் காசு கேட்கிற வீடியோவைக் காட்டினான். ஒரு பெண்ணும் ஒரு பையனும். தரையில் உட்கார்ந்துகொண்டு, சிரித்துக்கொண்டே கேட்கிறார்கள். பிச்சை கேட்கிறவன்கூட முகத்தைக் கொஞ்சம் தொங்கவிட்டுக் கேட்பான். இவர்களுக்கு அந்த மரியாதைகூட இல்லை. சீ என்று போனைக் கவிழ்த்து வைத்தேன்.

சரி, புத்தகத்தில்தான் என்ன இருக்கிறது? எடுத்துப் பாருங்கள். கட்டுப் பிரிந்தால் பிரியட்டும், பரவாயில்லை.

ஒரு ஊர்க் கிணற்றில் ஒரு குடம் விழுந்துவிடுகிறது. யார் குடம் என்று தெரியவில்லை. ஊரே வந்து கிணற்றைச் சுற்றி நின்று எட்டிப் பார்க்கிறது. உன்னுடையதா, என்னுடையதா என்று ஒருவரை ஒருவர் கேட்கிறார்கள். கடைசியில் எல்லோரும் கிணற்றுக்குள் குனிந்து பாடுகிறார்கள். தண்ணீர் ஏறி வந்து குடத்தை மேலே கொண்டுவந்து கொடுத்துவிடுகிறது. முடிந்தது. தம்பி, நான் பாத்திரக்காரன். குடம் கிணற்றில் விழுந்தால் பாதாளக் கரண்டி போட்டுத் துழாவி எடுப்பார்கள். பாட்டுப் பாடி எடுத்ததாக எங்காவது கேட்டிருக்கிறீர்களா? அதைவிட, இந்தப் படத்தைப் பாருங்கள். குடத்தில் எங்கேயாவது பெயர் இருக்கிறதா? இல்லை. கழுத்தில் ஒரு வரி வெட்டியிருந்தால் யார் குடம் என்று ஊர் அலைய வேண்டியதே இல்லை. முதல் பக்கத்திலேயே கதை முடிந்திருக்கும்.

ஆட்களை அந்த வீடியோப் பெண் எப்படி வரைந்திருக்கிறாள் பாருங்கள். ஒருத்தருக்கும் மூக்கு நடுவில் இல்லை.

பாட்டு அதைவிட மோசம். முரளி போனில் போட்டுக் காட்டினான். எடுத்த எடுப்பில் காக்காய் கத்துகிறது. அப்புறம் எதையோ தரதரவென்று இழுக்கிற சத்தம். யாரோ மூச்சு விடுகிற மாதிரி ஒரு கரகரப்பு. பிறகுதான் பாட்டு. முப்பது நாற்பது பேர் ஒரே நேரத்தில் பாடுகிறார்கள். காசு வாங்கியாயிற்று, முன்னால் இருக்கிற குப்பையையாவது வெட்டி எறிந்துவிட்டுக் கொடுக்க வேண்டாமா? நான் ஒரு சொம்பை பாலிஷ் போடாமல் விற்றால் விடுவார்களா?

கடைசிப் பக்கத்துக்கு வாருங்கள்.  காசு போட்டவர்கள் பெயரெல்லாம் அச்சடித்திருக்கிறார்கள். எறும்பு சைஸ் எழுத்து. தேடித் தேடிப் பார்த்தேன். இந்திராணி இல்லை. அழகுமலை இல்லை. ஏமாற்றிவிட்டார்கள் என்று கத்தினேன். முரளி விரலை வைத்துக் காட்டினான். 'பெயர் வேண்டாம்' என்று ஒரு வரி. அப்படியே கீழே பாருங்கள், அதே மாதிரி ஏழெட்டு வரி. பெயர் வேண்டாம், பெயர் வேண்டாம், பெயர் வேண்டாம்.

"காசு போடறப்ப பேர் போடணுமா வேணாமான்னு கேப்பாங்கப்பா. அம்மா வேணாம்னு சொல்லியிருக்காங்க."

"இதுல உங்கம்மா எது?"

"அது எப்படித் தெரியும்?"

கேட்டீர்களா? காசும் கொடுத்து, பெயரும் இல்லாமல், இருக்கிற ஏழெட்டில் எது அவள் என்றுகூடத் தெரியாமல். என் பெண்டாட்டி. சொ. அழகுமலை பெண்டாட்டி.

வருகிற ஐப்பசியில் முதல் வருஷத் திதி. வருகிறவர்களுக்கு வழக்கமாக எவர்சில்வர் தட்டுதான் கொடுப்போம், பெயர் வெட்டி. இந்தத் தடவை தட்டோடு இந்தப் புத்தகத்தையும் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். போனது போகட்டும், முதல் பக்கத்தில் அவள் போட்டோ, கீழே பெயர், என் பெயர், கடை விலாசம். அப்படி அடித்துக் கொடுங்கள், எத்தனை வேண்டுமானாலும் வாங்கிக்கொள்கிறேன் என்று கேட்கத்தான் இன்றைக்கு மதுரைக்குப் போனேன். புத்தகத்தில் நம்பர் இருந்தது. யாரென்று சொல்லவில்லை. மொத்தமாகப் புத்தகம் வேண்டும் என்று மட்டும் சொன்னேன். "வாங்கய்யா, வாங்கய்யா" என்றார்கள். வியாபாரம் என்றால் வாய் இனிக்கும்.

பெத்தானியாபுரத்தில் ஒரு மாடி வீடு. படி ஏறினால் ஒரே அறை. சுவர் முழுக்கக் காகிதம். ஒரு மூலையில் துணி காய்கிறது, இன்னொரு மூலையில் ஆர்மோனியம். படம் போடுகிற பெண் பெயர் பானு. பாட்டுக் கட்டுகிற பையன் பிரிட்டோ. வீடியோவில் சிரித்துக்கொண்டே காசு கேட்ட அதே இரண்டு பேர். உட்காரப் பாய் போட்டார்கள்.

டீ வந்தது. எவர்சில்வர் டம்ளர். எனக்கு ஒரு பழக்கம், யார் வீட்டில் எதைக் கொடுத்தாலும் பாத்திரத்தைச் சாய்த்துப் பெயரைப் படித்துவிட்டுத்தான் வாயில் வைப்பேன். சாய்த்துப் பார்த்தேன். பெயர் இல்லை. ஆனால் விரல் விளிம்பில் பட்டது. விளிம்புக்குக் கீழே இரட்டைக் கோடு. அந்த அச்சு எங்கள் பக்கத்தில் என் கடைக்கு மட்டும்தான் வரும்.

"இது எங்க வாங்குனது?"

"வாங்கலங்கய்யா. எங்க இந்திராணியக்கா குடுத்தாங்க. நாங்க பேப்பர் கப்புல டீ குடிக்கறதப் பாத்துட்டு மறுவாரமே ஒரு டஜன் தூக்கிட்டு வந்துட்டாங்க."

எங்க இந்திராணியக்கா. அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயசு இருக்கும். அக்காவாம். என் கடையிலிருந்து பெயர் வெட்டாமல் ஒரு சாமான் வெளியே போனது கிடையாது என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு டஜன் போயிருக்கிறது.

"நான் அவ வீட்டுக்காரன்," என்றேன்.

அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "டேய் பிரிட்டோ, அக்கா வீட்டுக்காரர்டா! அக்காவயும் கூட்டிட்டு வந்திருக்கலாம்ல அய்யா? எத்தன தடவ போன் போட்டோம், சுவிட்ச் ஆஃப்னே வருது. முட்டி ரொம்பப் படுத்துதா?"

"செத்துட்டா. ஐப்பசியில."

இப்படித்தான் சொன்னேன். வேறு எப்படிச் சொல்வது?

அந்தப் பெண் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பையன் டீயைக் கீழே வைத்துவிட்டு மொட்டை மாடிப் பக்கம் போனான். இரண்டு பேரும் அழுகிறார்கள், தம்பி. ஊர் பேர் தெரியாத இரண்டு பேர் என் பெண்டாட்டிக்காக மூக்கைச் சிந்திக்கொண்டு அழுகிறார்கள், நான் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு எப்படி இருந்திருக்கும்? என் வீட்டில் நானே அப்படி அழவில்லை. வந்தவர்களைக் கவனிக்கவே சரியாக இருந்தது. அழுகையில்கூட உரிமை என்று ஒன்று இருக்கிறது இல்லையா?

அழுது முடித்துச் சொல்கிறாள், அக்கா செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை வருவார்களாம்.

செவ்வாய்க்கிழமை அவள் முட்டிவலிக்குப் பயிற்சி செய்ய மதுரைக்குப் போவாள். நான்தான் பஸ் ஏற்றிவிடுவேன். இத்தனை மாசம் போயும் முட்டி சரியாகவில்லையே என்று அந்த டாக்டரை எத்தனை பேரிடம் திட்டியிருக்கிறேன். பாவம், அந்த ஆள் இவளை ஒரு தடவை பார்த்ததோடு சரி போலிருக்கிறது.

"இங்க வந்து என்ன செய்வா?"

"பாடுவாங்க. காசு போட்டவங்கள்ல இஷ்டப்பட்டவங்க எல்லாரும் வந்து சேர்ந்து பாடலாம்னு சொல்லியிருந்தோம்ல, அக்காதான் மொத ஆளா வந்தாங்க. கிணத்தப் பாத்து ஊரே பாடுற பாட்டு இருக்குல்ல, அதுக்கு. மாடக்குளம் பக்கம் தண்ணியில்லாத கிணறு ஒண்ணு இருக்கு. அதச் சுத்தி நின்னு பாடினோம். முட்டி வலின்னு அக்காவுக்கு மட்டும் ஸ்டூல் போட்டோம்."

"அவ பாட மாட்டாளே."

"அக்காவா? எங்களுக்கெல்லாம் அடி எடுத்துக் குடுத்ததே அவங்கதானே."

நான் சொன்னேன், அம்மா, நீ வேறு யாரையோ சொல்கிறாய். எங்கள் வீட்டில் பாட்டே கிடையாது. கல்யாணமான புதிதில் துணி துவைக்கிறபோது ஏதோ முனகுவாள். கீழே கடையில் நாலு பேர் வந்து போகிற இடம், மேலேயிருந்து பொம்பளைக் குரல் கேட்டால் நன்றாகவா இருக்கிறது என்று சொன்னேன். அவ்வளவுதான். அதற்கப்புறம் ஒரு நாள், ஒரு வரி, நான் கேட்டது கிடையாது. எதையும் இரண்டாவது தடவை சொல்ல வேண்டியதே இல்லை அவளிடம். அப்படிப்பட்டவள். இந்தக் காலத்தில் பார்க்க முடியாது. அப்படிப்பட்டவள் வெட்டவெளியில் கிணற்றைச் சுற்றி நின்றுகொண்டு நாற்பது பேரோடு பாடினாள் என்றால் நான் நம்ப வேண்டுமா?

 அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையும் எனக்குப் பிடிக்கவில்லை.

சரி, வந்த காரியத்தைச் சொன்னேன். போட்டோ, பெயர், விலாசம். எவ்வளவு ஆனாலும் சரி.

"அது முடியாதுங்கய்யா. அக்கா வேணாம்னு சொல்லியிருக்காங்க."

"அவ சொன்னா? நான் அவ புருஷன் சொல்றேன்."

"நாங்களும் எவ்வளவோ கேட்டோம்யா. அக்கா சிரிச்சுக்கிட்டே, எங்க வீட்டுல எல்லாத்துலயும் பேர் இருக்கு, இதுலயாவது இல்லாம இருக்கட்டும்னாங்க."

பார்த்தீர்களா, அவளே சொல்லியிருக்கிறாள், எங்கள் வீட்டில் எல்லாவற்றிலும் பெயர் இருக்கிறது என்று. பெருமையாகத்தான் சொல்லியிருக்கிறாள். அதை இவர்கள் தப்பாக எடுத்துக்கொண்டார்கள்.

போகட்டும், பாட்டில் அவள் எது என்றாவது காட்டுங்கள் என்றேன். பிரிட்டோ சொல்கிறான், எல்லோரும் ஒன்றாக நின்று ஒரே மைக்கில் பாடியது, தனியாகப் பிரித்துக் கொடுக்க முடியாதாம். தொழில் தெரிந்தவன் பேசுகிற பேச்சா இது? பானு சும்மா இருக்காமல் அவளுடைய போனில் பாட்டைப் போட்டு, "இதோ... இது, இதுதான் அக்கா" என்று மூன்றாவது அடியில் விரலைத் தூக்கினாள். "எல்லாரும் முடிச்ச பெறகும் கொஞ்சம் நீட்டுவாங்க பாருங்க." எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. திரும்பப் போட்டாள். திரும்ப விரலைத் தூக்கினாள். ஏதோ ஒரு சின்னப் பெண்ணின் குரல் மாதிரி இருக்கிறது. இந்திராணி குரல் எனக்குத் தெரியாதா? 'சாப்பிட வாங்க' என்பாள். 'கடை அடைச்சாச்சா' என்பாள். அந்தக் குரலா இது?

"இது அவ இல்ல," என்றேன்.

"அக்காதாங்கய்யா."

"எனக்குத் தெரியுமா, உனக்குத் தெரியுமா?"

அதற்குமேல் அந்த அறையில் உட்கார முடியவில்லை. காய்கிற துணி வாடை, அழுது முடித்த மூஞ்சிகள். மிச்சம் இருக்கிற புத்தகத்தையெல்லாம் கட்டுங்கள் என்றேன். அச்சடித்தால்தானே உங்கள் அனுமதி, நான் வாங்கின சாமானில் நான் பெயர் போட்டுக்கொள்வேன், ரப்பர் ஸ்டாம்புக்கு அப்போதே திண்டுக்கல்லில் சொல்லியாயிற்று என்றேன். காசு வேண்டாம் என்றான் அந்தப் பையன். அக்கா புக்குதானே, எடுத்துட்டுப் போங்க என்றான். இலவசமாக வாங்கிக்கொண்டு போக நான் என்ன அவனை மாதிரியா? பாயில் காசை வைத்துவிட்டு எழுந்தேன். அந்த டம்ளரையும் கேட்டிருப்பேன். கேட்கவில்லை. மிஷின் கையில் இல்லை, இருந்திருந்தால் அங்கேயே உட்கார்ந்து வெட்டிக் கொடுத்துவிட்டு வந்திருப்பேன்.

படி இறங்கும்போது அந்தப் பெண் பின்னாலேயே வந்தாள்.

"அய்யா, ஸ்டாம்ப் குத்துறதுக்கு முன்னாடி அந்தப் பாட்ட ஒருக்க நல்ல ஹெட்போன்ல கேட்டுருங்க. போன்ல சரியா வராது."

கேட்டுவிட்டால் குத்த மாட்டேனாம். என்ன நினைப்பு பாருங்கள்.

நான் ஒரு யோசனை வைத்திருக்கிறேன். திதி அன்றைக்குத் தெருவில் ரேடியோக் குழாய் கட்டி இந்தப் பாட்டைப் போட்டுவிடப் போகிறேன். எதிர்வீட்டு அம்மா வருவார், பால்காரர் வருவார், அவள் தங்கச்சி வருவாள். யாராவது ஒருத்தர் சொல்வார்கள் இல்லையா, இதோ இதுதான் இந்திராணி என்று. இத்தனை பேரில் ஒருத்தருக்குக் கூடவா தெரியாது? நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஏன் சிரிக்கிறீர்கள்? சிரிக்கவில்லையா? சரி.

கொடைரோடு தாண்டிவிட்டது. இப்போது கொடுங்கள். இந்தாருங்கள் அட்டை, உங்கள் போனைக் காட்டுங்கள். ஒன்றை நீங்கள் மாட்டுங்கள், ஒன்றை என் காதில் வையுங்கள். எனக்கு இது மாட்டத் தெரியாது. ஐம்பத்தெட்டு வயசுப் பொம்பளைக் குரல். தனியாக ஏதாவது கேட்டால் என் கையைத் தட்டுங்கள். நீங்கள் அவளைப் பார்த்ததே இல்லை, அதனால் இது அவள்தான் என்று முன்கூட்டியே நினைத்துக்கொண்டு கேட்க மாட்டீர்கள். சரியாகச் சொல்வீர்கள்.

ம். காக்காய். சொன்னேன் இல்லையா, அதைக்கூட வெட்டவில்லை. சோம்பேறிப் பசங்கள். இந்தா, ஸ்டூலை இழுக்கிறார்கள்...

இருங்கள்.

நிறுத்துங்கள். பின்னால் போங்கள். இல்லை, பாட்டு வேண்டாம். பாட்டுக்கு முன்னால். ஸ்டூலை இழுக்கிற இடம்.

இது. இதுதான். 'உஸ்... அப்பாடா.' கேட்டதா உங்களுக்கு? நான் சாப்பிட்டுப் படுத்த பிறகு, பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு அடுப்படியில் உட்காருவாள். அப்போது வருகிற சத்தம். முப்பத்தாறு வருஷம் கேட்டிருக்கிறேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்தப் பெண் மூன்றாவது அடி என்கிறாள், நீட்டுவாள் என்கிறாள். அவளுக்கு என்ன தெரியும்? இது என் வீட்டுச் சத்தம்.

நிறுத்துங்கள், நிறுத்துங்கள். அடுத்தது பாட்டு. அதில் கலந்துபோய்விடுவாள்.

பேகம்பூர் ஸ்டாப்பா? வரட்டும். நீங்கள் இறங்க வேண்டுமா? பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போகும், அங்கே இறங்கிக்கொள்ளலாம், ஆட்டோவுக்கு நான் தருகிறேன். இன்னும் ஒரு தடவை. ஸ்டூலிலிருந்து.